ஓட்டம் இருபத்துநான்கு, நிறுத்தம் எட்டு

சைக்கிள் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை மாலை என் கணவர் அதை மூன்று முறை சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "கொம்பு இருக்கு, வால் எங்க?" என்றார். ஹேண்டில் கீழே பார்த்து வளைந்திருந்ததைத்தான் சொன்னார். எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு கிண்டல் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

"இதுக்குப் பேரு கிராவல் பைக். தார் ரோட்டுலயும் போகும், சரளைக் கல்லுலயும் போகும், மண்ணுலயும் போகும்," என்றேன்.

"அது போகும். நீ போவியா?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. கடைசியாக சைக்கிள் ஓட்டியது நர்ஸிங் படிக்கும்போது. ஆனால் அதை அவரிடம் ஒப்புக்கொள்கிற ஆள் நான் இல்லை. "ஏன், எனக்கென்ன கால் இல்லையா?" என்று சுள்ளென்று கேட்டுவிட்டு வண்டியை உள்ளே தள்ளினேன்.

ஆசைப்பட்டு வாங்கிய வண்டி இல்லை அது. நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். ஒரு நாளைக்கு ஏழு வீடு. கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களைத் திட்டுவது. போன மாதம் வரை எங்களுக்கு ஒரு கார் இருந்தது. அதை வேறு பிரிவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். கூடவே ஒரு புது விதியும் வந்தது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம் இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த நோயாளி "எல்லைக்கு வெளியே". அவரைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

என் ஏழு பேரில் அந்த எல்லைக்கு வெளியே விழுந்தவர் ஒருவர்தான். டைம்கீப்பர் அக்கா.

பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதே வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்குவாரிக்கு அந்தப் பக்கம் ஒற்றை வீடு. சமையலறையில் இரண்டு ஜன்னல். ஒன்றில் நெடுஞ்சாலை வளைவு தெரியும், இன்னொன்றில் குவாரி மேடு. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் டீயோடு உட்கார்ந்து, வளைவில் திரும்பும் பஸ்ஸைப் பார்த்து, "எட்டு பத்து வண்டி இன்னைக்கும் அஞ்சு நிமிஷம் லேட்" என்று சுவரிடம் புகார் சொல்வார்.

அவருக்கு இடது காலில், கணுக்காலுக்கு மேலே, ஆறாத புண். இரண்டு வருஷத்துக்கு முன் நான் முதல் தடவை கட்டைப் பிரித்தபோது என் உள்ளங்கையை வைத்தாலும் மறையாத அளவு இருந்தது. இப்போது என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஆறு வாரம் போனால் மூடிவிடும். இந்த நேரத்தில் அவரைக் கொண்டுபோய் எங்கோ விடுவதா? அந்தப் பராமரிப்பு இல்லத்தை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமான இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். தவிர, அந்தப் புண்ணை ஆற்றி முடிப்பது நானாக இருக்க வேண்டும். இது நியாயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு அப்படித்தான் இருந்தது.

என் மேலதிகாரி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எதைக் கேட்டாலும் அட்டவணையைத் திறப்பார் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயரே அட்டவணை. "சுத்திப் போனா பஸ்ல அம்பது நிமிஷம் ஆகுது சிஸ்டர்," என்றார். குவாரி வழியாகப் போனால் பாதி தூரம்தான் என்றேன். அங்கே ரோடே இல்லையே என்றார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் ஒரு ஃபார்மை, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பிரதியாக, நீட்டினார். பயண நேரம் எழுத ஒரு கட்டம், நோயாளி கையெழுத்துப் போட ஒரு கோடு. திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றார். அன்று சாயங்காலமே சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பொறுமையான மனுஷர். உட்காரும் உயரத்தை என் இடுப்புக்குச் சரிபார்த்தார், கியர் மாற்றிக் காட்டினார். "புது டிஸ்க் பிரேக் கொஞ்சம் கத்தும் மேடம். வேகமா வந்து பிடிச்சு விடுங்க, இருபது தடவை. பழகிடும்," என்றார். நான் "சரி சரி" என்றேன். என் நோயாளிகள் என்னிடம் சொல்லும் அதே "சரி சரி".

சனிக்கிழமை தெருவில் ஒரு சுற்று போனேன். பிரேக்கைத் தொட்டதும் கீச் என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீடு வீடாகப் போவதற்கு முன் நான் பதினான்கு வருஷம் வார்டில் வேலை பார்த்தவள். அங்கே ஒரு டிராலி சக்கரம் கத்தினால் இருபது நோயாளிகள் விழித்துக்கொள்வார்கள். அதனால் எந்தச் சக்கரம் கத்தினாலும் என் கை தானாக வாசலின் டப்பாவைத் தேடிப் பைக்குள் போகும். அன்றும் போனது. சக்கரத்தின் நடுவில் பளபளவென்று இருந்த இரும்புத் தட்டில், முன்னாலும் பின்னாலும், விரலால் வாசலினை மெல்லிசாகத் தடவினேன். மறுபடி ஒரு சுற்று போனேன். பஞ்சு மாதிரி நின்றது, ஒரு முணுமுணுப்பு இல்லை. "கைராசிக்காரி," என்றார் கணவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நகரத்தில் என் கடைசி வீடான தையல்காரர் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினேன். முதுகில் முழுப் பை, வேலை நாளில் இருக்கிற கனம் அப்படியே. டைம்கீப்பர் அக்காவுக்கு போன் போட்டு, "கிளம்பிட்டேன்," என்றேன். "ஒன்பது மணி, சரியா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதல் இரண்டு கிலோமீட்டர் தார் ரோடு. வண்டி இவ்வளவு லேசாகப் போகும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு மிதி மிதித்தால் மூன்று வீடு கடந்துவிடுகிறது. டயர் தடிமனாக இருக்கிறதே, இழுக்குமே என்று பயந்திருந்தேன். இழுக்கவில்லை, மெதுவாக உம் என்று ஒரு சத்தம் மட்டும். கொம்பின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக் குனிந்தால் காற்று தலைக்கு மேலே போனது. பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும் என்று மணி அடித்துவிட்டுப் போனேன்.

மரக்கிடங்கு தாண்டியதும் சரளைப் பாதை. அங்கே வண்டியின் குணமே மாறியது. முதலில் கையெல்லாம் அதிர்ந்தது, பல் கிடுகிடுத்தது. பயந்து ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க அது முரண்டு பிடித்தது. எரிச்சலில் பிடியைத் தளர்த்தினேன். அதன் பிறகு முன்சக்கரம் தானே கல்லுக்கு நடுவில் வழி கண்டுபிடித்துக்கொண்டு போனது. பின்சக்கரம் அவ்வப்போது ஒரு பக்கம் சறுக்கி, பிறகு தானே திரும்பி வந்தது. அடுத்து மரங்களுக்கு நடுவே ஈர மண், காய்ந்த இலை. அங்கே சத்தமே இல்லை. என் மூச்சு மட்டும்தான் கேட்டது. சந்தோஷமாக இருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு யாருக்காகவும் இல்லாமல் எனக்கே எனக்காக ஒரு சந்தோஷம். அடுத்த நிமிடமே அக்காவின் ஞாபகம் வந்து இன்னும் வேகமாக மிதித்தேன்.

குவாரி மேட்டில் ஏறி நின்று மணி பார்த்தேன். ஒன்பது இருபத்தொன்று. கீழே அக்கா வீட்டுக் கூரை தெரிந்தது. இறங்க வேண்டியதுதான் பாக்கி. மூன்று நிமிடம்.

இறங்க ஆரம்பித்து, அன்று முதல் தடவையாகப் பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பிரேக் லீவர் ஹேண்டிலையே தொட்டது, வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பாதையோரம் யாரோ ஜல்லிக் குவியல் கொட்டி வைத்திருந்தார்கள். யோசிக்காமல் அதற்குள் திருப்பினேன். சக்கரம் பாதி வரை புதைந்து வண்டி நின்றது. நான் மெதுவாகச் சாய்ந்து குவியல்மேல் உட்கார்ந்தேன். அடி ஒன்றும் இல்லை, மானம்தான் கொஞ்சம் போனது.

வண்டியை இழுத்துக் குனிந்து பார்த்தேன். இரும்புத் தட்டு வெயிலில் எண்ணெய் வைத்த தலை மாதிரி மினுங்கியது. அப்போதுதான் உறைத்தது. டிராலிக்கு வாசலின் போட்டால் ஓடும். ஓட வேண்டிய இடம் அது. நிற்க வேண்டிய இடத்தில் போய்த் தடவியிருக்கிறேனே! யாரைத் திட்டுவது? என்னைத்தான் திட்டிக்கொண்டேன், நல்ல வார்த்தையாகவே தேர்ந்தெடுத்து.

பிறகு பையைத் திறந்தேன். ஸ்பிரிட் பஞ்சு ஒரு கட்டு இருந்தது. புண்ணைச் சுற்றித் துடைப்பது போலவே துடைத்தேன். உள்ளிருந்து வெளியே, ஒரு பஞ்சு ஒரு தடவைதான், அழுக்குப் பஞ்சு திரும்பப் படக் கூடாது. சக்கரத்தைச் சுற்றுவது, பிரேக்கைப் பிடித்து விடுவது, மறுபடி துடைப்பது. பஞ்சு கறுப்பாக வந்தது, பிறகு சாம்பலாக வந்தது, கடைசியில் வெள்ளையாகவே வந்தது. கடைக்காரர் சொன்னபடி பத்தடி உருட்டிப் பிடித்தேன், உருட்டிப் பிடித்தேன். பதினைந்தாவது தடவை கீச் என்று கத்தியது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

அக்கா வாசற்படியில் கைக்கடிகாரத்தோடு நின்றிருந்தார். நான் இறங்குவதற்குள், "முப்பத்திரண்டு," என்றார்.

"அக்கா, வழியில ஒரு சின்ன..."

"உள்ள வாங்க சிஸ்டர். முதல்ல தண்ணி குடிங்க."

உள்ளே போனதும் கதவோரம் ஒரு பெட்டி கட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். சமையலறைச் சுவரில் அவருடைய பெரிய கடிகாரம் இல்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக வெளுப்பு மட்டும்.

"கடிகாரத்தையும் கட்டிட்டீங்களா?"

"அதை விட்டுட்டுப் போவேனா? இருபத்தஞ்சைத் தாண்டினா போகத்தானே வேணும்," என்றார், பஸ் தாமதத்தைச் சொல்லும் அதே குரலில்.

நான் ஃபார்மை மேஜையில் வைத்தேன். "இருபத்தஞ்சுன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்கக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"ஏழு நிமிஷம்க்கா! ஏழே ஏழு நிமிஷம்!"

"என் தம்பியே டிரைவர்தான் சிஸ்டர். ஒரு நாள் நாலு நிமிஷம் லேட்டா வந்தான். நாலுன்னுதான் எழுதினேன். ஒரு வருஷம் என் மூஞ்சியில முழிக்கல. அவனுக்கே எழுதாத பொய்யை எனக்கா எழுதுவேன்?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கையைக் கழுவி, அவர் காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, கட்டைப் பிரித்தேன். புண் நன்றாக இருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நன்றாக ஆறிக்கொண்டிருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு இந்தப் பிடிவாதமா? உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு புதுக் கட்டுப் போட்டேன். கை மட்டும் மெதுவாகத்தான் வேலை செய்தது, அதற்குக் கோபம் தெரியாது.

"ஆமா, மேட்டுல எதுக்கு அவ்வளவு நேரம் நின்னீங்க?" என்று கேட்டார்.

"நின்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காலண்டர் தாளின் பின்பக்கத்தை எடுத்துக் காட்டினார். பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தது. 9.21 மேட்டில் தெரிந்தார். 9.22 ஜல்லிக் குவியலில் நின்றார். 9.30 கிளம்பினார். 9.32 வந்தார்.

நான் வாசலின் கதையைச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது? அவர் முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார். பிறகு முடியாமல் கட்டுப் போட்ட கால் ஆட ஆடச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எட்டு நிமிஷம் நிறுத்தம். இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார்.

"சொல்ல விட்டீங்களா?"

"டிப்போல ஓட்டம் வேற, நிறுத்தம் வேற. டயர் பஞ்சரானா அதை ஓட்டத்துல சேர்க்க மாட்டோம். தனியா எழுதணும், காரணமும் எழுதணும். எழுதாம விட்டாதான் தப்பு."

ஸ்கேலை எடுத்தார். ஃபார்மில் இருந்த ஒற்றைக் கட்டத்தை நேராக இரண்டாகப் பிரித்தார். ஓட்டம் 24. நிறுத்தம் 8. கீழே பொடி எழுத்தில், "காரணம்: பிரேக்கில் வாசலின். ஓட்டுநர் தவறு. இனி நடக்காது." என் பக்கம் நகர்த்தி, "ஓட்டுநர் கையெழுத்து," என்றார். போட்டேன். வேறு வழி?

அதைப் படம் எடுத்து அட்டவணைக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

"சிஸ்டர், ஃபார்ம்ல இல்லாத கட்டத்தை நான் எப்படி ஏத்துக்கிறது? எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க."

"அதுல ஒரு பொய் இருக்கா சார்?"

"இல்ல," என்றார். "சரி, நாளைக்கு வேலை நேரத்துலயே ஓட்டிட்டு வாங்க. ஒரே எண். இருபத்தஞ்சுக்குள்ள வந்தா அவங்க அங்கேயே இருக்கட்டும். இல்லன்னா மதியம் ஆம்புலன்ஸ் அனுப்ப வேண்டியிருக்கும்." அவரும் பாவம்தான் என்று அப்போது தோன்றியது. அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். "நியாயம்தான்," என்றார். பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன். "வண்டி வரட்டும்," என்றார்.

திங்கட்கிழமை விடிகாலையில் மழை பெய்தது. கணவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிண்டல் எதுவும் செய்யவில்லை. அவர் கிண்டல் செய்யாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தையல்காரருக்கு ஊசி போட்டுவிட்டு, அவர் வாசலிலிருந்து பத்து பத்துக்கு அக்காவுக்கு போன் செய்தேன். "கிளம்பிட்டேன்."

தார் ரோட்டில் சக்கரம் தண்ணீரை முதுகில் அடித்தது. சரளை ஈரத்தில் கெட்டிப்பட்டு நேற்றைவிட நல்ல பிள்ளையாக இருந்தது. பிடியைத் தளர்த்தி விட்டேன், வண்டி போனது. மரங்களுக்கு நடுவேதான் சேறு. ஓரிடத்தில் சக்கரம் சுழன்று நின்றுவிடுமோ என்று இருந்தது. சின்ன கியருக்கு மாற்றி, எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். மேட்டுக்கு வந்தபோது பத்து முப்பது. நான் நிற்கவில்லை. அப்படியே இறங்கினேன்.

ஈரத்தில் பிரேக் நேற்றைப்போல மூன்று மடங்கு கத்தியது. குவாரி அதை வாங்கித் திருப்பி வேறு அடித்தது. காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. ஜல்லிக் குவியலைத் தாண்டும்போது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தட்டும், நன்றாகக் கத்தட்டும் என்று பிடித்துப் பிடித்து விட்டேன்.

அக்கா வீட்டு வாசலில் இறங்கி என் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து முப்பத்து மூன்று. இருபத்து மூன்று நிமிடம். படியில் அக்கா இல்லை. பதறிப்போய் உள்ளே ஓடினேன்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நேற்று நான் விட்டுவிட்டுப் போன ஃபார்மின் இரண்டாவது பிரதி. கட்டத்தில் 23 என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது. மை காய்ந்திருந்தது. தலைக்கு மேலே சுவரில், அந்த வெளுப்பு இருந்த இடத்தில், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பக்கா மாட்டினீங்க?"

"மேட்டுல கீச்சுன்னு கேட்டுச்சே, அப்ப. அங்கேருந்து மூணு நிமிஷம். இன்னைக்கு நிறுத்தம் இருக்காதுன்னு தெரியும்." ஃபார்மைத் தொட்டார். "வண்டி வந்து நிக்கறதுக்கு முன்னாடி நேரம் எழுதினது இதுதான் முதல் தடவை, சிஸ்டர். முப்பத்தொரு வருஷத்துல இப்படி எழுதினதில்ல."

நான் ஸ்டூலைப் பார்த்தேன். அது சுவரோரம், கடிகாரத்துக்கு நேர் கீழே இருந்தது.

"அந்தக் காலோட ஸ்டூல்மேல ஏறினீங்களா?"

நான் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டேன். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், இரண்டு வருஷ வேலை ஒரே நிமிஷத்தில் போயிருக்குமே, உங்களுக்கு அறிவிருக்கிறதா என்று, மூச்சு விடாமல். திட்டிக்கொண்டே அழுதுவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு, திட்டு முடியும் வரை காத்திருந்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.